மண்ணும் மழையும், புழுவும் நூலும்

ஆனைக்குட்டம் வட்டாரத்துச் சங்கங்களில் பயிர்க்கடன் வசூலைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அங்கத்தினர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "விதை ஒன்று, சங்கத்தில் பெற்ற உரம் ஒன்று, விதைத்த நாளும் ஒன்று, பெய்த மழையும் ஒன்றே. ஆயினும் ஒருவர் காட்டில் விளைந்தது. அடுத்தவர் காட்டில் விளையவில்லை. இதற்குத் தலையெழுத்தைத் தவிர வேறு காரணம் உண்டா?" என்பதே அக்கேள்வி. விளைந்தவர் தவணையைக் கட்டிவிடுகிறார். விளையாதவர் தவணை தவறியவர் என்று பதிவேட்டில் எழுதப்படுகிறார். ஆகவே இக்கேள்வி வெறும் ஆராய்ச்சிக்கு உரியதன்று. குடும்பத்தின் நாணயத்தையும் சங்கத்தின் நிலையையும் தொட்டு நிற்பது.

காரணம் உண்டு. விளைச்சல் என்பது விதையும் உரமும் மட்டும் கூடிச் செய்யும் காரியமன்று. மண், மழை, வெயில், காற்று ஆகிய உயிரற்ற பொருள்கள் ஒரு புறமும், பயிர், களை, புழு, பறவை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகிய உயிருள்ளவை மறுபுறமும் இருந்து ஒன்றன்மேல் ஒன்று ஓயாது வினை புரிகின்றன. அவ்வினைகளின் முடிவே களத்துமேட்டில் நாம் காணும் குவியல். இந்தக் கொள்வினை கொடுப்பினை நம் கரிசற் காட்டிலும், கண்மாயிலும், தறிக்குழியிலும் எங்ஙனம் நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரையில் சிறிது விளக்க முற்படுகிறேன்.

முதலும் கருவும்

ஓர் இடத்திலுள்ள உயிர்கள் யாவும், அவ்விடத்து மண், நீர், காற்று, ஒளி முதலியவற்றோடு சேர்ந்து இயங்கும் ஒரே தொகுதி என்னும் கருத்தை 1935-ல் ஆங்கிலத் தாவரவியல் அறிஞர் ஆர்தர் டான்ஸ்லி ஒரு தனிச்சொல்லால் குறித்தார். அதனையே இன்று நம் பாட நூல்கள் சூழ்நிலை மண்டலம் என்று வழங்குகின்றன. சொல் புதிது, ஆனால் கருத்து நமக்கு முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்தது. முதல் என்பது உயிரற்ற அடிப்படை. கரு என்பதில் பெரும்பகுதி அதன்மேல் தோன்றிய உயிர்வாழ்க்கை. மழை பொய்த்து வெப்பம் மிகுந்தால் முல்லையும் குறிஞ்சியும் பாலையாக மாறும் என்ற எண்ணமும் நம் பழைய இலக்கியத்தில் உண்டு. அதாவது, முதல் மாறினால் கருவும் மாறும்.

இக்கால அறிவியல் இதனோடு மற்றொன்றையும் சேர்த்துக் கூறுகிறது. கரு மாறினால் முதலும் மாறும். மழை மரத்தை வளர்ப்பது போலவே மரமும் மண்ணை மாற்றுகிறது. மண் புழுவுக்கு இடம் கொடுப்பது போலவே புழுவும் மண்ணைப் புரட்டுகிறது. இந்த இருவழிப் போக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே வருவன எளிதில் விளங்கும்.

கரிசலும் செவலும்

நமது மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக் காற்றின் ஈரத்தைத் தன் மேற்குப் புறத்திலேயே பெரிதும் இறக்கிவிடுவதால், கிழக்கே உள்ள நாம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையையே முதன்மையாக நம்பியிருக்கிறோம். அம்மலையடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் அர்ச்சுனா நதியின்மேல்தான் ஆனைக்குட்டம் அணை கட்டப்பட்டுள்ளது. அந்நதி இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடுகிறது. நதியின் இருபுறமும் கரிசலும், இடையிடையே செவலும் விரவிக் கிடக்கின்றன.

இனி, முன் சொன்ன கேள்விக்கு முதல் விடை இங்கே இருக்கிறது. பெய்த மழை ஒன்றாயினும் அதைப் பெற்றுக்கொண்ட மண் ஒன்றன்று. கரிசல் மிக நுண்ணிய களித்துகள்களால் ஆனது. அத்துகள்கள் நீரைப் பெற்றால் உப்பும். நீரை இழந்தால் சுருங்கும். கோடையில் கரிசற் காடு பாளம் பாளமாக வெடிப்பது இதனாலேயாம். முதல் மழை பெய்யும்போது நீர் அவ்வெடிப்புகளின் வழியே நேரே ஆழத்துக்கு இறங்குகிறது. மேல்மண்ணும் சருகும் சிறிதளவு அவற்றில் சரிந்து விழுகின்றன. கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்கிறது என்று சொல்வதும் பொருந்தும். ஆனால் மண் முழுவதும் உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்ட பிறகு, அடுத்த பெருமழை உள்ளே இறங்க வழியின்றி மேலோடி ஓடைக்குச் சென்றுவிடுகிறது. உழவு ஓட்டி, சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்ட காட்டில் அந்நீர் சற்று நின்று இறங்கும். அவ்வாறு செய்யாத காட்டிலிருந்து அது மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும்.

அன்றியும், களிமண் தான் பெற்ற நீரைப் பயிருக்கு எளிதில் விடுவதில்லை. துகள்களின்மேல் இறுகப் பற்றிய ஈரத்தை வேர் உறிஞ்ச முடியாது. ஆகவே சிறு தூறல் பெய்தால் செவற்காட்டுப் பயிர் தலை நிமிர்கிறது; கரிசற்காட்டுப் பயிர் வாடியே நிற்கிறது. ஆனால் ஒரு நல்ல மழை ஊறிவிட்டால் நிலைமை மாறிவிடும். மழை நின்ற சில வாரங்களில் செவல் வறண்டுபோகும். கரிசலோ தை மாதத்துப் பனியிலும் அடியிலுள்ள ஈரத்தைக் கொண்டு பருத்தியையும் கொத்தமல்லியையும் கொண்டு செலுத்தும். மழையின் அளவு மட்டுமன்றி அது வந்த முறையும், விழுந்த மண்ணும் சேர்ந்தே பயனை நிர்ணயிக்கின்றன.

இங்கே உரத்தைப் பற்றியும் ஒரு சொல். பயிரின் வளர்ச்சி, அதற்கு மிகமிகக் குறைவாகக் கிடைக்கும் பொருளின் அளவையே பொறுத்தது என்ற விதியை, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் லீபிக் பரப்பினார். நீர் குறைவாயிருக்கும்போது உரத்தை இரட்டிப்பதால் விளைச்சல் இரட்டிப்பதில்லை. வறண்ட மண்ணில் இட்ட உரம் கரையாது. கரையாத உரத்தை வேர் ஏற்காது. கடனில் பொருட்பகுதியாகப் பெறும் மூட்டைகள் ஈரமில்லாத நிலத்தில் கடனை மட்டும் வளர்க்கும்.

காற்றிலுள்ள தழைச்சத்து

கரிசலில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு உண்டு. தழைச்சத்தும் மணிச்சத்தும், மக்கிய பொருளும் பொதுவாகக் குறைவு. ஆனால் நமது தலைக்கு மேலுள்ள காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன் என்னும் அதே தழைச்சத்துதான் இருக்கிறது. கண்ணெதிரே கோடி இருந்தும் பயிருக்கு ஒரு காசும் உதவாத நிலை. ஏனெனில் எந்தப் பயிரும் அதைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள வல்லதன்று.

இங்குதான் ஓர் உயிர் இடையில் வந்து உதவுகிறது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை முதலியவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறுசிறு முடிச்சுகள் தென்படும். அவற்றுள் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. செடி வெயிலின் துணையால் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்கு அளிக்கிறது. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் ஏற்கும் வடிவில் மாற்றித் தருகின்றன. முடிச்சைக் கிள்ளிப் பார்த்து உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அறியலாம். இந்த ஒப்பந்தமும் உயிரற்றவற்றின் தயவில்தான் நிலைக்கிறது. நீர் தேங்கி மண்ணில் காற்றோட்டம் அற்றுப்போனாலும், மணிச்சத்து குறைந்தாலும், மண் முற்றிலும் காய்ந்தாலும் முடிச்சுகள் செயலற்றுப் போகும்.

நம் முன்னோர் பருத்தியோடு பயறு வகைகளை ஊடுபயிராக விதைத்தது வெறும் வழக்கமன்று என்பது இதனால் பெறப்படும். பயறு அறுவடையான பின் அதன் வேரும் இலையும் மக்கி மண்ணோடு சேர்கின்றன. மக்கிய பொருள் மிகுந்த மண்ணில் மண்புழு பெருகுகிறது. மண்புழு துளைத்த வழிகளில் நீர் இறங்குகிறது. இவ்வாறு உயிர் மண்ணைத் திருத்த, திருந்திய மண் மீண்டும் உயிரைத் தாங்குகிறது. அறுத்த தட்டையைத் தீயிட்டுக் கொளுத்தும் காட்டில் இச்சங்கிலி முதற்கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. ஒரே விதை விதைத்த இருவரின் விளைச்சல் வேறுபடுவதற்கு இது இரண்டாவது விடை.

கண்மாயின் வரவு செலவு

கண்மாயையும் அணை நீர்ப்பரப்பையும் நாம் நீர்த் தொட்டிகளாகவே எண்ணுகிறோம். உண்மையில் அவை உயிர்கள் நிறைந்த உலகங்கள். அவ்வுலகத்தின் நாணயம் பிராணவாயு எனலாம். பகலில் வெயில் பட்டபோது பாசியும் நீர்த்தாவரங்களும் பிராணவாயுவை நீரில் சேர்க்கின்றன, அது வரவு. இரவும் பகலும் மீனும் பாசியும், அடியில் மக்கும் பொருளை உண்ணும் நுண்ணுயிர்களும் அதைச் செலவழிக்கின்றன. ஆகவே விடியற்காலையில் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெப்பமும், வற்றிய நீரும், இரண்டு மூன்று நாள் தொடர்ந்த மேகமூட்டமும் ஒன்றுசேர்ந்தால் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பதைக் காணலாம். குத்தகைதாரர் யாரோ நஞ்சு கலந்துவிட்டார் என்று சந்தேகிப்பார்; ஆனால் பல சமயம் வரவு குறைந்து செலவு மிகுந்ததே காரணமாக இருக்கும்.

உரமும் கழிவும் கலந்த நீர் கண்மாய்க்கு வந்தால் பாசி மிகுதியாகப் படர்கிறது. பார்வைக்குச் செழிப்பாகத் தோன்றும் இது உண்மையில் கடன் வாங்கிய செழிப்பு. பாசி மடிந்து மக்கும்போது பிராணவாயு முழுவதையும் அதுவே விழுங்கிவிடும்.

பறவைகளையும் இக்கணக்கில் விட்டுவிடலாகாது. திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிக்கு அருகே கூந்தன்குளம் என்னும் ஊர் உளது. அங்குள்ள குளத்தில் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் நெடுங்காலமாக அவற்றைக் காத்து வந்தனர். 1994-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளின் எச்சம் குளத்து மண்ணில் சேர்கிறது. அவ்வண்டலை உழவர்கள் வயலுக்கு எருவாக அள்ளிச் செல்கின்றனர். மீனின் உடலில் இருந்த சத்து பறவையின் வழியே மண்ணுக்கும், மண்ணின் வழியே நெல்லுக்கும் செல்கிறது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காக ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடித் தொழிலால் வாழும் நாமும் அவ்வூராரின் கட்டுப்பாட்டைப் பாராட்டவே செய்வோம்.

வண்டல் கண்மாய்க்குச் சுமை, காட்டுக்குச் செல்வம். மேட்டுநிலத்திலிருந்து அரித்து வந்த நுண்மண்ணும் மக்கிய பொருளும் அதில் உள்ளன. அதை எடுத்தால் கண்மாயில் நீர் கூடும். இட்ட நிலத்தில் ஈரம் தங்கும். 2017-ல் தமிழ்நாடு அரசு உழவர்கள் விலையின்றி வண்டல் எடுத்துக்கொள்ள வகை செய்தது. 2024-ல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும்படி நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆயினும் அடியிலுள்ள களி அடுக்கைத் துளைத்து மணல் வரை தோண்டினால் நீர் நிற்காது கசிந்துவிடும். மேலே படிந்ததை மட்டும் எடுத்தல் வேண்டும்.

கள்ளியும் சீமைக்கருவேலும்

ஓர் உயிர் புதிதாக ஓர் இடத்துக்கு வந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் தென்னாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது சப்பாத்திக்கள்ளி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இது தென்னாட்டில் ஏராளமான நிலத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இதன் வரலாற்றில் நெசவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. துணிக்குச் செஞ்சாயம் தரும் பூச்சி கள்ளியில் வாழ்வது. அச்சாயத்தை இந்தியாவிலேயே உண்டாக்க விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியார் 1795-ல் பிரேசில் நாட்டிலிருந்து அப்பூச்சியைத் தருவித்தனர். வந்து சேர்ந்ததோ உயர்ந்த சாயம் தரும் இனமன்று, அதன் உறவினமே. சாயம் மட்டமாயிற்று. ஆனால் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியை உறிஞ்சியே அழித்தது. அதைக் கண்ட பிறகு, மற்றொரு வகைக் கள்ளிக்கு ஏற்ற பூச்சியினம் 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு, பரந்த நிலங்கள் கள்ளியினின்றும் விடுபட்டன. இப்பூச்சியின் குஞ்சுகளைப் பெருமழை கழுவிவிடும். வறண்ட பருவத்தில் அவை நன்கு பெருகும். ஆகவே கள்ளியை வென்ற பூச்சிக்கு நம் வறட்சி துணைநின்றது என்றே கூறவேண்டும்.

இரண்டாவது சீமைக்கருவேல். இதுவும் அமெரிக்கக் கண்டத்தது. 1877-ஐ ஒட்டி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆழ்ந்த வேர், வறட்சியைத் தாங்கும் இயல்பு, வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் ஆகியவை இதற்கு உண்டு. இதன் இனிய நெற்றை ஆடும் மாடும் உண்கின்றன. விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து, எருவும் ஈரமும் ஒருங்கே பெற்று முளைக்கிறது. இதன் உதிர்ந்த இலைகள் பிற செடிகளின் முளைப்பைத் தடுக்கின்றன. கண்மாயின் உட்புறத்திலும் வரத்துக் கால்வாயிலும் இது அடர்ந்தால் நீரோட்டம் தடைப்பட்டு, வண்டல் அங்கேயே படிந்து, வழி மேடாகிவிடுகிறது. உயிருள்ளது ஒன்று நீரின் பாதையையே மாற்றிவிடுகிறது.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. நிலமற்ற பல குடும்பங்களுக்கு இதுவே விறகு. இதிலிருந்து சுடும் கரியே வருமானம். 2017-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற உத்தரவிட்டதும், பின்னர் அதற்குத் தடை வந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. நீர்நிலைகளிலும் கால்வாய்களிலும் இதனை வேரோடு அகற்றுவது முதற்கடமை. அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால் அடுத்த மழையில் அதுவே மீண்டும் முளைக்கும். ஆதலின் கரையில் பனை, வேம்பு, நாட்டுக் கருவேல், புங்கு போன்றவற்றை உடனே நடவேண்டும்.

படைப்புழு புகட்டிய பாடம்

பருத்தி பயிரிட்ட பலர் பின்னாளில் மக்காச்சோளத்துக்கு மாறினர். 2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழகத்துக்கும் வந்து மானாவாரி மக்காச்சோளத்தைப் பெரிதும் அழித்தது. விருதுநகர் மாவட்டத்து உழவர்கள் அடைந்த இழப்பை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அப்புழு ஏன் அவ்வளவு விரைவில் வென்றது என்பதே நாம் ஆராயத்தக்கது.

ஒரு தாய் அந்துப்பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. நம் வெப்பத்தில் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, அந்தாக வெளிவரச் சுமார் 30 நாள்கள் போதும்; குளிர்நாடுகளில் அதற்கு இருமடங்கும் மும்மடங்கும் ஆகும். வெப்பம் என்னும் உயிரற்ற பொருளே அதன் தலைமுறைகளை விரைவுபடுத்துகிறது. உண்பதற்கோ கண்ணுக்கெட்டிய வரை ஒரே பயிர். வந்தது அயலினம் ஆதலின் அதனை நன்கறிந்த எதிரிகள் போதிய அளவில் இல்லை. புழு பருத்தபின் குருத்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்கிறது. தெளித்த மருந்து உள்ளே சென்று எட்டுவதில்லை.

ஆனால் அதன் வாழ்க்கையிலும் வலுவற்ற இடங்கள் உள்ளன. குருத்தில் நீர் தேங்கும்படி பெருமழை பெய்தால் இளம்புழுக்கள் பல மூழ்கி மடியும். ஈரமான காலத்தில் ஒருவகைப் பூஞ்சணம் புழுவின் உடலில் படர்ந்து அதைக் கொல்லும். டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவி அதன் முட்டைக்குள் தன் முட்டையை இடும். கூட்டுப்புழுப் பருவத்தில் அது மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் அசைவற்றுக் கிடக்கும். அறுவடைக்குப் பின் கோடை உழவு செய்தால் அக்கூடுகள் மேலே வந்து வெயிலில் காய்கின்றன. ஏர் சென்ற வழியே வரும் கொக்கும் மைனாவும் கரிச்சானும் அவற்றைப் பொறுக்கித் தின்கின்றன. வெயில் உயிரற்றது; பறவை உயிருள்ளது; இவ்விரண்டையும் ஓரிடத்தில் கூட்டிவைப்பது உழவனின் கலப்பை. கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடும்படி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறுவதும் மண்ணிலுள்ள அப்பருவத்தைக் கருதியேயாம். ஊரில் பாதிப்பேர் கோடை உழவு செய்து, பாதிப்பேர் செய்யாவிடில், செய்யாதவர் காட்டிலிருந்து எழும் அந்து செய்தவர் காட்டுக்கும் பறந்து வரும். இது மூன்றாவது விடை.

நச்சு மருந்தை அளவின்றித் தெளித்தால் புழுவோடு குளவியும் பொறிவண்டும் சாகும். புழு மீண்டும் விரைவில் பெருகும். அதன் எதிரிகள் அவ்வளவு விரைவில் பெருகுவதில்லை. சீன நாட்டில் 1958-ல் தானியத்தைத் தின்கின்றன என்று கருதிச் சிட்டுக்குருவிகளைக் கூட்டங்கூட்டமாக ஒழித்தனர். குருவிகள் தானியத்தோடு பூச்சிகளையும் தின்று வந்தன என்பது பூச்சிகள் பெருகிய பின்னரே உணரப்பட்டது. பின்னர் அவ்வியக்கத்தின் பட்டியலிலிருந்து குருவியின் பெயரை நீக்கினர். ஒரு கண்ணியை அறுக்கும் முன் அது எவ்வெவற்றோடு கோக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பது அறிவுடைமை.

நெசவாளருக்கும் இதில் பங்குண்டு

இவையெல்லாம் உழவர்க்குரியன என்று நெசவாளர்கள் எண்ணலாகாது. பருத்தி நூல் செடியினின்றும் பிரிந்த பின்னும் காற்றின் ஈரத்தோடு உறவை விடுவதில்லை. காற்றில் ஈரப்பதம் 100-க்கு 65 ஆக இருக்கும்போது நூல் தன் எடையில் ஏறத்தாழ 100-க்கு 8 பங்கு ஈரத்தை ஏற்று வைத்துக்கொள்ளும். ஈரம் பெற்ற பருத்தி இழைக்கு வலிமை கூடும். காய்ந்த இழை எளிதில் அறும். இங்கிலாந்தில் லங்காஷயர் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றதற்கு அங்குள்ள ஈரக்காற்றும் ஒரு காரணம் என்பர். அருப்புக்கோட்டை, சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் குழித்தறியில் நெய்வோர் இதனைத் தம் அனுபவத்தில் அறிவர். தரையிலுள்ள குளிர்ச்சி பாவுக்கு ஈரம் ஊட்டி, கோடையின் வறட்டுக் காற்றிலும் இழை அறாமல் காக்கிறது.

அதே ஈரம் மழைக்காலத்தில் பகையாகிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டால் உலர்வதில்லை. குழியில் நீர் ஊறுகிறது. கஞ்சியிலுள்ள மாவும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு விருந்தாகும்; பாவில் கறை படிந்து துணியின் மதிப்பு குறையும். தறிக்கூடமும் ஒரு சிறிய சூழ்நிலை மண்டலமே என்பதை இதனால் உணரலாம். சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலையும் நினைத்துப் பாருங்கள். 1923-ஐ ஒட்டி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழிலைக் கற்று வந்து தொடங்கியபோது, குச்சியும் மருந்தும் விரைவில் உலர உதவியது இவ்வறண்ட காற்றே. ஒரே காற்று, நெசவாளருக்கு இழையை அறுக்கிறது, தீப்பெட்டித் தொழிலாளருக்குக் குச்சியை உலர்த்துகிறது. இயற்கைப் பொருள் எதுவும் தானே நல்லதுமன்று, தீயதுமன்று. எதனோடு சேர்கிறது என்பதே கேள்வி.

சங்கக் கிடங்கின் இருப்புக்கும் இது பொருந்தும். கார்த்திகையில் எடையிட்டு வாங்கிய பஞ்சும் நூலும் பங்குனியில் எடை சற்றுக் குறைந்து நிற்பதில் ஒரு பகுதி காற்று திரும்பப் பெற்றுக்கொண்ட ஈரம். வாங்கும்போதே ஈரத்தைப் பார்த்து எழுதி வைத்தால், பின்னர் கிடங்குப் பொறுப்பாளர்மேல் வீண் பழி வராது. உண்மையான குறைவும் ஒளிந்துகொள்ள இயலாது. தானியத்தை 100-க்கு 12 பங்கு ஈரத்துக்குள் உலர்த்தி மூட்டையிட்டால் பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றா.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து, சங்க அங்கத்தினர்கள் தம் பொதுக்கூட்டத்தில் ஆலோசித்து ஒருமித்துச் செய்யத்தக்க சில காரியங்கள் பெறப்படுகின்றன.

1. கோடை மழை பெய்தவுடன் ஊர் முழுவதும் ஒரே காலத்தில், சரிவுக்குக் குறுக்காக உழவு செய்தல்.

2. மக்காச்சோளம், பருத்தி இரண்டிலும் பயறு வகைகளை ஊடுபயிராகவும் வரப்போரப் பயிராகவும் விதைத்தல். ஆண்டுதோறும் ஒரே பயிரை விடுத்துப் பயிரை மாற்றுதல்.

3. தட்டையையும் சருகையும் எரிக்காமல் மக்கச் செய்து மண்ணில் சேர்த்தல்.

4. மழைக்கு முன்னரே வரத்துக் கால்வாயிலுள்ள சீமைக்கருவேலை வேரோடு அகற்றி, கரையில் நாட்டு மரங்களை நடுதல். அனுமதி பெற்று மேல்வண்டலை மட்டும் எடுத்தல்.

5. மருந்து தெளிக்கும் முன் பத்துச் செடிகளையாவது பார்த்து, புழுவையும் அதன் எதிரிகளையும் எண்ணி முடிவு செய்தல். காட்டில் பறவைகள் அமரக் கொம்புகள் நடுதல்.

6. உரத்தை மண்ணின் ஈரம் அறிந்து, பகுதி பகுதியாக இடுதல்.

இவற்றுள் பெரும்பாலானவை பணத்தைவிட ஒற்றுமையையே மிகுதியாக வேண்டுவன. கால்வாயில் ஓடும் நீரும், பறந்து வரும் அந்தும், புழுவைத் தின்னும் பறவையும் யாருடைய வரப்பையும் அறியா. தனியொருவர் தம் நான்கு ஏக்கரில் மட்டும் திருத்தமாகச் செய்து முழுப் பயனைப் பெறுதல் அரிது. மழையின் அளவை நாம் மாற்ற இயலாது. வெயிலைக் குறைக்கவும் இயலாது. ஆனால் அந்த மழை எந்த மண்ணில் விழவேண்டும், அந்த வெயில் எதன்மேல் படவேண்டும் என்பதில் நமக்கு ஓரளவு உரிமை உண்டு. அவ்வுரிமையை வருகிற வடகிழக்குப் பருவத்துக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் எடுத்துக்கொள்ளுமாயின், தவணை தவறியோர் பட்டியல் சுருங்கும். கண்மாயும் காடும் தறியும் அதற்கேற்பப் பலன் தரும்.